தாய்மொழிக் கட்டம்

"எம்மா, நாம என்ன டூருக்கா போறோம்?" என்று கேட்டாள் மாரிசெல்வி.

கேட்டதில் தப்பில்லை. அந்தச் சனிக்கிழமை காலை முருகம்மாள் கல்யாண வீட்டுக்குக் கட்டும் பச்சைப் பட்டைக் கட்டியிருந்தாள். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் தண்ணீர் பாட்டில், இரண்டு பேருக்குப் புளிச்சாதம், ஒரு குடை. ஜனவரியில் மும்பையில் குடை எதற்கு என்று கேட்டால் வெயிலுக்கு என்பாள். அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. ரேஷன் கார்டிலிருந்து அவள் எட்டாம் வகுப்பு முடித்த சர்டிஃபிகேட் வரை வீட்டில் இருந்த அத்தனை காகிதமும் அதில் இருந்தது.

"டூருதான். மாட்டுங்காவ நான் எங்க பாத்தேன்?"

"பூ வாங்க வாராவாரம் போறியே."

"அது பூவப் பாக்கது. ஊரப் பாக்கது வேற."

தாராவியில் அவர்கள் சந்திலிருந்து மாட்டுங்கா நடந்தால் அரை மணி நேரம். தண்டவாளத்துக்கு மேலே போகும் பாலத்தில் ஏறி இறங்கினால் வந்துவிடும். ஆனாலும் பதினேழு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தப் பாலத்தை அவள் வேடிக்கை பார்க்க என்று தாண்டியதில்லை. விடியும் முன்னால் இட்லி அவிக்க வேண்டும், மத்தியானம் அரிசி ஊறப்போட வேண்டும், சாயங்காலம் மாவு ஆட்ட வேண்டும். அவள் கணவன் வெயிலுமுத்து ஆறு மணிக்கெல்லாம் இட்லி அண்டாவையும் சட்னி வாளியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாட்டுங்கா போய்விடுவான். ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டே தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் ஒரு கல்லூரி வாசலில் நிலையாக நிற்பான். பையன்களும் பெண்களும் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு உள்ளே ஓடுவார்கள். மாரிசெல்வி பத்தாவது முடித்துச் சேர ஆசைப்படுவது அந்தக் கல்லூரியில்தான்.

ஆசை வந்த கதை சின்னது. போன வருஷம் முருகம்மாளுக்குக் காய்ச்சல் கண்டு சயான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ரத்தம் பரிசோதிக்கும் அறையில் ஒரு பெண் மாரிசெல்வியை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னாள். "எம்மா, ஒன் ரத்தத்த பாத்தேன்" என்று திரும்பி வந்தவள் அன்றையிலிருந்து சயன்ஸ் என்றுதான் பேசுகிறாள்.

"மொதல்ல கோயில்," என்று விரல் விட்டு எண்ணினாள் முருகம்மாள். "அப்புறம் காலேஜ். அப்புறம் ஓட்டல்ல உக்காந்து காப்பி. கடைசியா அஞ்சு தோட்டம்."

"ஃபைவ் கார்டன்."

"அதத்தான் சொல்லுதேன். அஞ்சையும் பாக்கணும். நாலு பாத்துட்டு கால் வலிக்குன்னு நிக்கக் கூடாது."

பூக்கடைத் தெரு வழியாகப் போனார்கள். முருகம்மாள் இன்றைக்குப் பூ வாங்கவில்லை, பார்த்தாள். கோயிலில் கும்பிட்டார்கள். கல்லூரித் தெருவுக்குள் திரும்பியதும் பாம் பாம் என்று சத்தம். வெயிலுமுத்து இவர்களைப் பார்த்துவிட்டுத்தான் ஹாரனை அமுக்கினான்.

"வாங்க வாங்க. சூடா இருக்கு, ரெண்டு பேரும் சாப்பிட்டுப் போங்க."

"நான் அவிச்ச இட்லிய எனக்கே விக்கீங்களா?" என்றாள் முருகம்மாள்.

பக்கத்தில் நாலைந்து மாணவிகள் கையில் தட்டோடு நின்றார்கள். மாரிசெல்வி அப்பாவைப் பார்க்கவில்லை, கேட்டைப் பார்த்தாள். அவன் அதைக் கவனித்தான்.

"ஏளா, இவ இங்க சேந்துட்டான்னா நான் எடத்த மாத்திருதேன்," என்றான் குரலைத் தாழ்த்தி. "அடுத்த தெருவுல ஆபீஸ்காரங்க நெறைய வருதாங்க."

"மொதல்ல சேரட்டும்," என்றாள் முருகம்மாள்.

உள்ளே, ஆபீசில் விசாலாக்ஷி என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்து மாட்டியிருந்தாள். முருகம்மாள் வழியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்த ஹிந்தியில் ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியம் தாண்டவில்லை.

"தமிழ்லயே பேசுங்கோ," என்றாள் விசாலாக்ஷி. "உக்காருங்கோ. யாருக்கு அட்மிஷன்?"

"இவளுக்கு மேடம். ஜூன் மாசம். எடம் எப்படி இருக்குன்னு முன்கூட்டியே பாத்துட்டுப் போவோம்னு வந்தோம்."

"ரொம்ப நல்லது. எல்லாரும் ஜூன்ல வந்து குய்யோ முறையோன்னு நிப்பா. எத்தனை பர்சண்ட் வரும்டீ கொழந்தே?"

"எழுபத்தெட்டு. எண்பதுகூட வரும் மேடம்."

"சயன்ஸ்தானே? பொதுவா வரவாளுக்குப் போன வருஷம் எண்பத்தொன்பதுல நின்னுடுத்து." மாரிசெல்வியின் முகம் விழுந்ததைப் பார்த்து அவள் கையை உயர்த்தினாள். "இரு, முழுக்கக் கேளு. இது தமிழ்க்காரா நடத்தற காலேஜ். பாதி சீட்டு தமிழ் கொழந்தைகளுக்கு. அந்த லிஸ்ட் எழுபத்திரண்டு வரைக்கும் வந்தது. ஒனக்கு நிச்சயம் கெடைக்கும். போ, மாடியில லேப் இருக்கு, எட்டிப் பாத்துட்டு வா."

மாரிசெல்வி இரண்டிரண்டு படியாக ஏறினாள். வரும்போது முகம் வேறாக இருந்தது. "எம்மா, இருபது மைக்ராஸ்கோப். எண்ணிப் பாத்தேன். வரிசையா உறை போட்டு வெச்சிருக்காங்க."

அதற்குள் விசாலாக்ஷி, முருகம்மாள் உறையிலிருந்து எடுத்து நீட்டிய பள்ளிக்கூடச் சான்றிதழைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்தவள் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"தாய்மொழி ஹிந்தின்னு போட்டிருக்கே?"

"தப்பா எழுதிட்டாங்க மேடம்," என்றாள் மாரிசெல்வி சட்டென்று.

முருகம்மாளுக்கு நடந்தது தெரியும்.

தப்பாக எழுதவில்லை. அவள் சொன்னதைத்தான் எழுதினார்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய ஜூன் மாதம், கொட்டுகிற மழை, முனிசிபாலிட்டி பள்ளிக்கூட வாசலில் வரிசை. அந்தக் கட்டடத்தில் தரைத்தளத்தில் ஹிந்தி, முதல் மாடியில் மராத்தி, இரண்டாம் மாடியில் தமிழ். தமிழ் மாடி ஏழாம் வகுப்போடு முடிந்துவிடும், அதற்கப்புறம் பிள்ளையை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சந்து முழுக்கப் பேச்சு. தமிழ் என்று வாயைத் திறந்தால் மாடிக்கு அனுப்பிவிடுவார்கள், ஹிந்தி என்று சொல்லிவிடு என்று முன்னால் நின்றவள் பின்னால் நின்றவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். பக்கத்து வீட்டு ஷைஸ்தாவிடம் ஒரு வாரமாகப் பழகிய ஹிந்தியோடு முருகம்மாள் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். தாய்மொழி என்ன என்று கேட்டார்கள். கேள்வி நன்றாகவே புரிந்தது. தலையை நிமிர்த்தி ஹிந்தி என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்ததுகூட ஞாபகம் இருந்தது.

"தப்பா எழுதல மேடம்," என்றாள் இப்போது. "நான்தான் சொன்னேன்."

"நீயா?" என்று மாரிசெல்வி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "எதுக்கும்மா?"

"கீழ்மாடியில படிக்கணும்னு."

விசாலாக்ஷி கொஞ்சநேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க தமிழ்தான்னு எனக்குத் தெரியறது. இவ பேசினாலும் தெரியறது. ஆனா பேப்பருக்குத் தெரியாதே. லிஸ்ட் போடறது கம்ப்யூட்டர். அது இந்தக் கட்டத்தைத்தான் பாக்கும்."

"வேணும்னா இவள பேசிக் காட்டச் சொல்லுதேன் மேடம். யாரு முன்னால வேணும்னாலும்."

"எழுதப் படிக்கத் தெரியுமோ?"

மாரிசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். ஹிந்தி தெரியும், மராத்தி தெரியும், இங்கிலீஷ் தெரியும். தமிழில் பஸ் போர்டுகூடப் படிக்க வராது.

"அதுக்கு எதுக்குத் தலையைக் குனியறே? எனக்கும் எழுத்துக்கூட்டித்தான் வரும். செம்பூர்ல பொறந்து கான்வென்ட்ல படிச்சவ நான்," என்றாள் விசாலாக்ஷி. பிறகு முருகம்மாள் பக்கம் திரும்பினாள். "இதோ பாருங்கோ. பத்தாவது முடிச்சு லீவிங் சர்டிஃபிகேட் கைக்கு வந்துட்டா அப்புறம் யாராலயும் மாத்த முடியாது. இப்ப அவ இன்னும் ஸ்கூல்லதானே இருக்கா? ஸ்கூல் ரிஜிஸ்டர்ல திருத்தச் சொல்லி எழுதிக் குடுக்கலாம். போர்டுக்கு லிஸ்ட் போறதுக்குள்ள குடுக்கணும்."

"லிஸ்ட் திங்கக்கிழமை போகுது," என்றாள் மாரிசெல்வி. "டீச்சர் சொன்னாங்க."

சுவரில் கடிகாரம் பதினொன்று நாற்பது காட்டியது. சனிக்கிழமை பள்ளிக்கூட ஆபீஸ் ஒரு மணிக்கு மூடிவிடும். முருகம்மாள் பையைத் தோளில் போட்டாள்.

"வாரோம் மேடம்."

"காலேஜைச் சுத்திப் பாக்கலையே இன்னும்?"

"சேந்த பொறவு பாத்துக்கிடுதோம்."

வாசலில் அண்டா பாதி காலியாகியிருந்தது. "என்ன, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?" என்றான் வெயிலுமுத்து.

"அங்கனயே நில்லுங்க," என்று நிற்காமல் சொல்லிவிட்டுப் போனாள் முருகம்மாள்.

பாலத்தில் ஏறும்போது மாரிசெல்வி பேச ஆரம்பித்தாள். இறங்கும் வரை நிறுத்தவில்லை. "பத்து வருஷமா எனக்குச் சொல்லவே இல்ல. ஒவ்வொரு ஃபார்ம்லயும் நான் பாத்திருக்கேன், யாரோ கிளார்க் கிறுக்கு எழுதிட்டான்னு நெனச்சேன். அந்தக் கிறுக்கு நீதானா?"

"நான்தான்."

"ஒரு வார்த்தை. ஒரு வார்த்தையில போச்சு எல்லாம்."

"போகல. மணி பன்னெண்டுதான் ஆகுது. திட்டணும்னா நடந்துகிட்டே திட்டு."

"சேலைய தூக்கிப் பிடி, மிதிச்சு விழுந்துராத," என்றாள் மாரிசெல்வி கோபம் குறையாமலே.

பள்ளிக்கூட ஆபீசில் காசிம் பாய் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். தமிழ்ச் சந்துகளுக்கு நடுவில் முப்பது வருஷம் கிளார்க் வேலை பார்த்தவர். தமிழ் எல்லாம் புரியும், பேசுவது மட்டும் ஹிந்திதான். பத்து வருஷத்துக்கு முன்னால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரும் அவரேதான். தாடிதான் வெளுத்திருந்தது.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, "திங்கட்கிழமை வா," என்றார்.

"திங்கக்கிழமை நீங்க லிஸ்ட்ட அனுப்பிருவீங்க."

"உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தாய்மொழி மட்டும் பத்து வருஷம் கழித்துத்தான் தெரிய வந்ததா? அன்றைக்கு ஹிந்தி, இன்றைக்குத் தமிழ். நாளைக்கு ஏதாவது குஜராத்தி காலேஜில் சீட்டு இருந்தால் குஜராத்தி என்பாயா?"

முருகம்மாள் வெட்கப்பட்டாள். மகள் பக்கத்தில் நின்றாள், அதுதான் அதிக வெட்கம். ஆனாலும் நகரவில்லை. தெரிந்த ஹிந்தியில், தெரியாத இடத்தில் தமிழை வைத்துச் சொன்னாள்: "அன்னிக்குப் பொய் சொன்னேன் பாய். மேல்மாடிக்கு அனுப்பிருவீங்களோன்னு பயந்துகிட்டு சொன்னேன். நான் பொய் சொன்னேன்னு நீங்க எழுதுங்க, கையெழுத்துப் போடுதேன். ஆனா இன்னிக்கே எழுதுங்க."

பிளாஸ்டிக் உறையிலிருந்து எட்டாம் வகுப்பு சர்டிஃபிகேட்டை எடுத்து வைத்தாள். காசிம் பாய் அதைத் தொடவில்லை.

"இது நீ தமிழில் படித்ததற்கு அத்தாட்சி. வீட்டில் ஹிந்தி பேசவில்லை என்பதற்கு இல்லை. எனக்கு உன் பெண் சேர்ந்த சமயத்துக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? உன் வாயால் சொன்னது இருக்கிறது. பார்க்கிறாயா?"

வெட்கப்பட வைத்து அனுப்பிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, நாற்காலியில் ஏறி அலமாரி மேலிருந்து ஒரு காகிதக் கட்டை இறக்கினார். தூசியைத் தட்டினார். அந்த வருஷத்துச் சேர்க்கைப் படிவங்கள். புரட்டி, ஒன்றை எடுத்து மேசையில் திருப்பி வைத்தார். "படி."

மாரிசெல்விதான் படித்தாள். பெயர், பிறந்த தேதி, விலாசம், தாய்மொழி ஹிந்தி. எல்லாம் காசிம் பாயின் அழகான கையெழுத்தில். அவள் விரல் கீழே இறங்கிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றது.

"இது எங்கம்மா பேரு," என்றாள்.

"எது?"

"இந்தக் கையெழுத்து. தமிழ்ல இருக்கு. என் ரிப்போர்ட் கார்டு எல்லாத்துலயும் இதேதான் போடுவாங்க. எனக்குப் படிக்க வராது, ஆனா இது தெரியும்."

காசிம் பாய் குனிந்து பார்த்தார். முருகம்மாளும் பார்த்தாள். ஹிந்தி என்ற சொல்லுக்கு நாலு விரற்கடை கீழே, எட்டாம் வகுப்பில் பரிசு வாங்கிய கையெழுத்தில், முருகம்மாள் என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது. வாயால் பொய் சொன்னவளுக்குக் கையால் சொல்லத் தெரியவில்லை. போடுவதற்கு வேறு எழுத்தும் அவளிடம் இல்லை.

"அன்னிக்கு நீங்க இதப் பாத்தீங்க பாய்," என்றாள் முருகம்மாள் மெதுவாக. "பாத்துட்டு என்னை ஒரு பார்வை பாத்தீங்க. அப்புறம் அடுத்த ஆளக் கூப்பிட்டீங்க."

அவர் அடுத்த படிவத்தைப் புரட்டினார். தாய்மொழி ஹிந்தி, கீழே தமிழில் கையெழுத்து. அதற்கடுத்தது, அப்படியே. அதற்கடுத்ததும். ஒன்றில் மட்டும் பெருவிரல் ரேகை. ஏழெட்டுப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உனக்கு ஒன்று திருத்தினால் இத்தனை பேரும் திங்கட்கிழமை என் தலையில் வந்து உட்காருவார்கள்."

"உக்காரட்டும். எல்லாம் எங்க சந்துப் பிள்ளைகதான். வரச்சொல்லி நானே சொல்லுதேன்."

"நீயே வேறு சொல்வாயா?"

"வரிசையில நின்னு அன்னிக்குச் சொன்ன வாய்தான. இன்னிக்கு மாத்திச் சொல்லும்."

காசிம் பாய் சிரித்துவிட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மாரிசெல்வியின் முன்னால் தள்ளினார். "எழுது. நான் சொல்கிறேன்."

மனுவை ஹிந்தியில் எழுதினாள் மாரிசெல்வி. முருகம்மாள் கீழே கையெழுத்துப் போட்டாள். பழைய படிவத்தின் நகலும் எட்டாம் வகுப்பு சர்டிஃபிகேட்டின் நகலும் பின்னால் சேர்ந்தன. தலைமை ஆசிரியை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும் அவசரத்தில் நின்றபடியே படித்து ஒப்பமிட்டாள். பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குக் காசிம் பாய் நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

"முடிந்தது என்று நினைக்காதே. இது கல்வி ஆபீசுக்குப் போய்த் திரும்ப வேண்டும். அம்மா, அப்பா இரண்டு பேரும் போட்ட அஃபிடவிட் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் மேசையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் தாளில் நான் டிபன் மடிப்பேன்."

"நோட்டரி எங்க இருப்பாங்க பாய்?"

"சயான் ஸ்டேஷன் பக்கம் ஒருத்தர் இருக்கிறார். சனிக்கிழமை நாலு மணி வரை. இந்தப் பட்டுச்சேலையோடு போ, மரியாதையாகச் செய்து கொடுப்பார்."

வெயிலுமுத்தின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. தினமும் அப்படித்தான் கிடக்கும். வீட்டில் எட்டிப் பார்த்தார்கள், சைக்கிள் இல்லை. வழக்கமாக ஒரு மணிக்கெல்லாம் வந்துவிடுகிற ஆள்.

"எங்கம்மா போயிருப்பாங்க?"

முருகம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, அங்கனயே நில்லுங்கன்னு சொன்னேம்லா."

மறுபடி பாலம் ஏறினார்கள். கல்லூரித் தெருவில் திரும்பும்போது மணி இரண்டாகப் போகிறது. வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. காலி அண்டாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஒரு கையால் ஹாண்டில்பாரைப் பிடித்தபடி வெயிலுமுத்து வெயிலில் நின்றுகொண்டிருந்தான்.

"இட்லி தீந்து ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு," என்றான். "நிக்கச் சொன்னியே, நின்னேன். வாட்ச்மேன் மூணு தடவ வந்து கேட்டுட்டான். என்ன ஆச்சு? சீட்டு இல்லைன்னுட்டாங்களா?"

முருகம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். தான் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னாள். அவன் நெற்றியைச் சொறிந்தான்.

"அன்னிக்கு வீட்டுல வந்து சிரிச்சியே, அதா?"

"அதான்."

"நானும் சேந்துல்லா சிரிச்சேன்," என்றான். "சரி, எங்க கையெழுத்துப் போடணும்?"

"சயானுக்குப் போகணும். புளிச்சாதம் இருக்கு, வழியில சாப்பிட்டுக்கிடலாம்."

"இந்தா இருக்கு அஞ்சு தோட்டம், ரெண்டு தெரு தள்ளி. ஒரு எட்டுப் பாத்துட்டே போயிருங்களேன். நேத்துலயிருந்து அதத்தான சொல்லிக்கிட்டு இருந்த."

முருகம்மாள் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். தெருக்கோடியில் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. "நோட்டரி நாலு மணிக்குப் போயிருவாரு. அரிசி வேற இன்னும் ஊறப்போடல. ஜூன்ல இவ தெனமும் வருவால்லா, பொறவு சோறு கொண்டாந்து உக்காந்து பாப்போம்."

மாரிசெல்வி சாத்தியிருந்த கேட்டையும் மாடி ஜன்னலையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்பாவிடமிருந்து சைக்கிளை வாங்கித் தானே தள்ளினாள்.

"அப்பா, எடம் மாத்தப் போறேன்னு காலையில சொன்னீங்கல்லா."

"ஆமா. ஒனக்கு ஒரு மாதிரி இருக்கும்லா."

"மாத்தாதீங்க. அங்கனயே நில்லுங்க. நான் என்னைக்காவது காலையில சாப்பிட்டுட்டு ஓடியிருக்கனா? ரெண்டு இட்லி எனக்கு எடுத்து வெச்சாப் போதும்."

"சட்னி தீந்துரும்," என்றான் வெயிலுமுத்து.

"அதையும் எடுத்து வைங்க," என்றாள் முருகம்மாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் வெரசா நடக்கீங்களா? மணி ரெண்டே காலாச்சு."